கடலும் கடவுச்சீட்டும்

யாழ்ப்பாணக் குடாநாட்டின் வடகரையில் நிற்போனுக்குக் கடல் ஒன்றே தோன்றும், எல்லை தோன்றாது. பருத்தித்துறைக்கும் கோடிக்கரைக்கும் இடைப்பட்ட நீரில் ஒரு நாட்டின் அலை முடிந்து மற்றொரு நாட்டின் அலை தொடங்கும் இடத்தை எவரும் கண்டதில்லை. ஆயினும் எல்லை உண்டு. அது நீரில் வரையப்படுவதற்குக் கால் நூற்றாண்டு முன்னரே தாளில் வரையப்பட்டுவிட்டது. அத்தாளின் வரலாற்றையும் இயல்பையும், அஃதில்லாதார் நிலையையும் ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

கடவுச்சீட்டு, விசா, அடையாள அட்டை என்னும் மூன்றும் ஏறக்குறைய ஒன்றே எனக் கருதுவார் உளர். அவை வெவ்வேறானவை. கடவுச்சீட்டு என்பது ஓர் அரசு தன் பிரசையைக் குறித்துப் பிற அரசுகளுக்கு வழங்கும் சான்று. இவர் எம்மவர், இவருக்கு இடையூறின்றி வழிவிடுக, இவர் திரும்பி வருங்கால் யாம் ஏற்போம் என்பதே அதன் பொருள். விசா என்பது செல்லப்படும் நாடு அளிக்கும் இசைவு. ஆகவே, கடவுச்சீட்டு ஒருவனைப் பிறநாட்டின் வாயில்வரை கொண்டுசெல்லும். வாயிலைத் திறப்பது விசாவே. அடையாள அட்டையோ உள்நாட்டில் ஆளை அறிவிப்பது. இலங்கையில் 1968 ஆம் ஆண்டின் 32 ஆம் இலக்கச் சட்டத்தின்கீழ் ஆட்பதிவு ஏற்பட்டது. 1972 முதல் தேசிய அடையாள அட்டைகள் வழங்கப்படலாயின. அட்டையின் இலக்கத்திலேயே பிறந்த ஆண்டும், அவ்வாண்டில் எத்தனையாவது நாளில் பிறந்தவர் என்பதும் அடங்கியுள்ளன. பெண்களுக்கு அந்நாளெண்ணோடு 500 கூட்டப்படும்.

இவ்வேற்பாடுகள் யாவும் மிக அண்மையில் தோன்றியவை. நல்லூர் ஆறுமுக நாவலர் அச்சியந்திரம் வாங்கும்பொருட்டுச் சென்னைக்குச் சென்றதும், 1864 இல் சிதம்பரத்தில் சைவப்பிரகாச வித்தியாசாலையை நிறுவியதும் கடவுச்சீட்டின் துணையோடன்று. சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதற் பட்டதாரிகளுள் ஒருவராகிய சிறுப்பிட்டி சி. வை. தாமோதரம்பிள்ளை தமிழகத்திலே வாழ்ந்து பதிப்புப்பணி புரிந்ததும் அவ்வாறே. இரு கரைகளும் பிரித்தானிய முடியின்கீழ் இருந்தமையால், வணிகரும் யாத்திரிகரும் மாணாக்கரும் பிறநாடு செல்கின்றோம் என்னும் எண்ணமின்றியே கடல் கடந்தனர். 1914 இல் தனுஷ்கோடிக்கும் தலைமன்னாருக்குமிடையே நீராவிக் கப்பல் ஓடத் தொடங்கியபின், சென்னையிற் புகைவண்டி ஏறியவர் கப்பல் மாறிக் கொழும்பிற் சென்று இறங்குதல் எளிதாயிற்று.

அதே 1914 இல் மூண்ட உலகப்போரே கடவுச்சீட்டை உலகெங்கும் பரப்பியது. ஒற்றரைத் தடுக்கவும், படைக்குரிய ஆண்கள் நாட்டைவிட்டு அகலாமற் காக்கவும் ஐரோப்பிய அரசுகள் எல்லைகளிற் சான்று கேட்கலாயின. போர் முடிந்தபின்னும் வழக்கம் ஒழியவில்லை. 1920 இல் நாட்டுக் கூட்டவையின் சார்பிற் பாரிசிற் கூடிய மாநாடு, கடவுச்சீட்டு 32 பக்கங்கொண்ட சிறு புத்தகமாக அமைதல் வேண்டும் என விதந்துரைத்தது. நாடிழந்தோருக்கு என்ன சான்று வழங்குவது என்னும் வினாவும் உடனெழுந்தது. அதற்கு விடையாக 1922 இல் நன்சன் என்னும் நோர்வே அறிஞரின் முயற்சியால் உருசிய அகதிகளுக்கெனத் தனிப் பத்திரம் ஒன்று வகுக்கப்பட்டது. தாளை விதித்த உலகம், தாளற்றாருக்கும் ஒரு தாள் வேண்டும் என்பதை இரண்டே ஆண்டுகளில் உணர்ந்தது.

பாக்கு நீரிணைக்கு அவ்வெல்லை வந்தது விடுதலையின் பின்னரே. 1948 ஆம் ஆண்டின் 18 ஆம் இலக்கப் பிரசாவுரிமைச் சட்டம் இலங்கையர் யாவர் என்பதை வரையறுத்தது. அதே ஆண்டின் 20 ஆம் இலக்கக் குடிவருவோர் குடியகல்வோர் சட்டம், நாட்டினுட் புகுவதற்கும் நாட்டைவிட்டு நீங்குவதற்கும் உரிய விதிகளை வகுத்து 1949 நவம்பரில் நடைமுறைக்கு வந்தது. இலங்கையிலே பிறந்தமை மட்டும் பிரசாவுரிமைக்குப் போதாதாயிற்று. தந்தை இங்கே பிறந்தவர் என்றோ, தந்தைவழிப் பாட்டனும் பூட்டனும் இங்கே பிறந்தவர்கள் என்றோ நிறுவுதல் வேண்டும். அவ்வாறு நிறுவவியலாத மலையகத் தமிழர் பல்லாயிரவர், பிறந்த மண்ணிலேயே எந்நாட்டினரும் அல்லராயினர். 1964 ஒக்ரோபர் 30 இற் செய்யப்பட்ட சிறிமா-சாஸ்திரி ஒப்பந்தம் 9,75,000 பேரைக் கணக்கிட்டு, 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்கும் பகிர்ந்தது; எஞ்சிய 1,50,000 பேர் 1974 இற் சரிபாதியாகப் பிரிக்கப்பட்டனர். எஞ்சியிருந்த நாடற்றோருக்கு 2003 ஆம் ஆண்டின் 35 ஆம் இலக்கச் சட்டம் பிரசாவுரிமை வழங்கியது. ஒரு தாளின் இன்மையை நீக்க ஐம்பத்தைந்து ஆண்டுகள் சென்றன.

கடலிலே கோடு வரையப்பட்டது 1974 சூன் மாதத்திலாகும். கச்சதீவு இலங்கையைச் சார்ந்தது என அவ்வுடன்படிக்கை கொண்டது. எனினும், இந்திய மீனவரும் யாத்திரிகரும் முன்போலவே அத்தீவுக்கு வந்து செல்லலாம் என்றும், அதன்பொருட்டு இலங்கை அவர்களிடம் பிரயாணப் பத்திரமோ விசாவோ கோராது என்றும் அதன் 5 ஆம் உறுப்புரை கூறுகின்றது. போர்க்காலத்தில் தடைப்பட்டிருந்த புனித அந்தோனியார் திருவிழா, இன்று இருகரை மக்களும் கூடும் விழாவாக மீண்டும் நடைபெறுகின்றது. அரசுகள் விரும்பினால் பழைய உறவுக்கு வழிவிட இயலும் என்பதற்கு இவ்வுறுப்புரை சான்றாகும்.

இனி, கடவுச்சீட்டு எவ்வாறு பரிசோதிக்கப்படுகின்றது என்பதை நோக்குதல் தகும். விவரப் பக்கத்தின் அடியில், வரிக்கு 44 குறிகளாக இரண்டு வரிகள் அச்சிடப்பட்டிருக்கும். இம்முறையைச் சர்வதேச சிவில் விமானப் போக்குவரத்து நிறுவனம் 1980 இல் வகுத்தது. அவ்வரிகளிலுள்ள இலக்கங்களைப் பொறி பிழையாகப் படித்துவிடாதவாறு சோதனை எண் ஒன்று சேர்க்கப்படும். 1964 ஒக்ரோபர் 30 இற் பிறந்தவரின் திகதி 641030 என எழுதப்படும். அவ்விலக்கங்களை முறையே 7, 3, 1, 7, 3, 1 என்பவற்றாற் பெருக்கிக் கூட்டின் 64 வரும். அதனைப் பத்தால் வகுக்க எஞ்சும் 4 என்பதே சோதனை எண். ஓரிலக்கம் மாறினும் கணக்குப் பிழைத்துவிடும்.

பொறிக்கு இலக்கம் எளிது. தமிழர் பெயரோ அரிது. தந்தை பெயரை முன்வைத்துத் தன் பெயரைப் பின்வைத்தல் இந்நாட்டு வழக்கு. தலைமுறைதோறும் தொடரும் குடும்பப்பெயர் பெரும்பாலாரிடம் இல்லை. கடவுச்சீட்டுப் படிவமோ குடும்பப்பெயரையும் பிற பெயரையும் வெவ்வேறாகக் கேட்கின்றது. முருகேசு மகன் சிவராசா என்பவர் கடல் கடந்து குடியேறின் ‘திரு. முருகேசு’ என அழைக்கப்படுவார். அவர் மகன் ‘சிவராசா’ என்பதைக் குடும்பப்பெயராகக் கொள்வான். ஒரே வீட்டாருக்கு இருவேறு குடும்பப்பெயர் அமைய, இவர் தந்தை, இவன் மகன் என்பதற்கு வேறொரு பத்திரம் வேண்டியதாகும். பெயரை உரோம எழுத்தில் எழுதும் முறையும் பலவாதலின், பிறப்புச் சான்றிதழில் ஒருவிதமாகவும், பரீட்சைச் சான்றிதழில் மற்றொருவிதமாகவும், அடையாள அட்டையில் வேறொருவிதமாகவும் ஒரே பெயர் காணப்படும். ஓரெழுத்தின் வேறுபாடு ஒருவனது பயணத்தையே தடைப்படுத்துதல் கூடும்.

இவற்றினும் பெரியது அகதிகளின் இடர். 1983 முதல் பல்லாயிரவர் கடவுச்சீட்டின்றிப் படகேறித் தமிழகம் சேர்ந்தனர். உயிர்காக்க ஓடியோர் உறுதிகளையும் சான்றிதழ்களையும் தேடியெடுக்க எங்ஙனம் இயலும்? அவர்களுக்கு அங்கே பிறந்த பிள்ளைகளின் நிலை ஆராயத்தக்கது. இந்தியச் சட்டத்தின்படி, 1987 சூலை 1 இற்கு முன்னர் இந்தியாவிற் பிறந்தோர் பிறப்பினாற் குடியுரிமை பெறுவர்; அதன்பின் பிறந்தோருக்குப் பெற்றோருள் ஒருவரேனும் இந்தியராதல் வேண்டும். இலங்கைச் சட்டமோ, வெளிநாட்டிற் பிறந்த பிள்ளையின் பிறப்பை ஓராண்டினுள், அல்லது தக்க காரணம் காட்டி அமைச்சர் அனுமதிக்கும் காலத்தினுள், தூதரகத்திலோ உரிய அலுவலகத்திலோ பதிதல் வேண்டும் என்கின்றது. ஆகவே 1990 இல் முகாமிற் பிறந்து, இலங்கை அலுவலகத்திற் பதியப்படாத பிள்ளை எந்த நாட்டின் தாளும் இன்றி வளரும். 2015 சனவரி 9 வரை வந்து பதிவு பெற்ற இலங்கைத் தமிழரைக் கடவுச்சீட்டின்மைக்குரிய தண்டனையினின்று இந்திய அரசு 2025 இல் விலக்கியது. அது தண்டனையை நீக்கிற்றேயன்றிக் குடியுரிமையை நல்கவில்லை.

இவையனைத்தையும் நோக்குங்கால் ஓருண்மை புலனாகின்றது. விசா கடவுச்சீட்டைச் சார்ந்தது. கடவுச்சீட்டு அடையாள அட்டையைச் சார்ந்தது. இவையனைத்தும் பிறப்புச் சான்றிதழ் என்னும் ஒற்றைத் தாளின்மேல் நிற்கின்றன. அத்தாள் தொலைந்தாற் பிரதி பெறலாம்; காலங்கடந்த பிறப்பைப் பதியவும் சட்டம் வழிவிடுகின்றது. பலாலி விமான நிலையம் 2019 இற் சர்வதேச நிலையமாயிற்று. 2023 ஒக்ரோபரில் நாகபட்டினத்திற்கும் காங்கேசன்துறைக்குமிடையே பயணக் கப்பல் ஓடலாயிற்று. கடவுச்சீட்டு வழங்கும் பிராந்திய அலுவலகம் 2025 செப்தெம்பரில் யாழ்ப்பாணத்திலேயே திறக்கப்பட்டது. கடல்வழி மீண்டும் திறந்துள்ள இக்காலத்தில், தம் பிள்ளைகளின் பிறப்பைப் பிழையறப் பதிவித்து, பெயரை ஒரே வடிவில் எழுதுவித்துக் காத்தல் பெற்றோரின் கடன். முகாம்களிற் பிறந்தோருக்கு அப்பதிவை எளிதாக்குதல் அரசுகளின் கடன். நாவலர் காலத்துக் கடல் திரும்பி வாராது. ஆனால் அக்கடலைக் கடக்கும் உரிமை எவருக்கும் ஒரு தாளின்மையால் மறுக்கப்படாதிருத்தல் இயலும்.