களிமண் தளம் எங்கே கசிகிறது?

குப்பை மேட்டில் இறங்கும் மழைநீர் அடியில் கறுத்த சாறாக வடிகிறது. பள்ளிக்கரணை சதுப்பை ஒட்டிய பெருங்குடிக் கிடங்கில் அந்தச் சாற்றை மறிக்க அடியில் எதையும் போடாமலேதான் பல ஆண்டுகள் குப்பை கொட்டினார்கள். 2000ஆம் ஆண்டின் நகராட்சித் திடக்கழிவு விதிகள் இதற்குத் தடை விதித்து, அடியில் தடுப்புத் தளத்தைக் கட்டாயமாக்கின. கீழே 90 செ.மீ. களிமண், அதன் மேல் 1.5 மி.மீ. பாலிஎத்திலீன் விரிப்பு. அந்தக் களிமண் வழியாக நீர் கடக்கும் வேகம் வினாடிக்கு ஒரு செ.மீ.யில் கோடியில் ஒரு பங்கைத் தாண்டக் கூடாது. அதாவது, ஆண்டுக்கு ஏறத்தாழ 3 செ.மீ.

நல்ல களிமண்ணில் இந்த அளவை ஆய்வகத்தில் எட்டுவது எளிது. களத்தில்தான் சிக்கல். டெக்சஸ் பல்கலைக்கழகப் பொறியாளர் டேவிட் டேனியல் 1984இல் வெளியிட்ட கட்டுரை அதை அம்பலப்படுத்தியது: கட்டி முடித்த களிமண் தளங்கள் ஆய்வகம் சொன்னதைவிட 10 முதல் 1,000 மடங்கு வரை அதிகமாகக் கசிந்தன. சிறு மாதிரித் துண்டுக்குள் வெடிப்பும் இருக்காது, அடுக்குகள் சேரும் இடமும் இருக்காது. தளத்தில் நீர் வழி தேடுவதோ அங்கேதான்.

எல்லாவற்றுக்கும் முதல் காரணம் ஈரம். சாலை போடுபவர்களுக்கு மண் மிக இறுகும் ஈரப்பதமே போதும். களிமண் தளத்துக்கு அதைவிட 2 முதல் 4 சதவீதம் கூடுதலாக வேண்டும். காய்ந்த மண்ணில் கட்டிகள் உடையாமல் அப்படியே அடுக்கப்பட்டு, இடுக்குகள் எஞ்சிவிடும். அடர்த்திச் சோதனையில் அந்தத் தளம் தேறிவிடும், ஆனாலும் கசியும். ஈரம் சரியாக இருந்தால் கட்டிகள் மாவு பிசைந்ததுபோல் ஒன்றாகும். அதற்குத்தான் முளைகள் நீண்ட ஷீப்ஃபுட் ரோலர். இறுகியபின் 15 செ.மீ. வரும்படி மண்ணைப் பரப்பி ஓட்டினால், முளைகள் கீழ் அடுக்குக்குள்ளும் இறங்கி இரண்டையும் பிணைக்கும். வழவழப்பாகிவிட்ட பரப்பைக் கீறிவிடாமல் அடுத்த அடுக்கைப் போட்டால், நீர் அந்த இணைப்பு வழியே பக்கவாட்டில் ஓடி இன்னொரு வெடிப்பைக் கண்டுபிடித்துவிடும்.

வெயிலில் விட்ட தளம் விரைவிலேயே பாளம் பாளமாக வெடிக்கும். டேங்கர் தண்ணீரை மேலே தெளித்தால் வெடிப்பின் வாய் மூடிக்கொள்ளும், உள்ளே அது அப்படியே இருக்கும். இதைப் பழுதுபார்த்ததாக ஏற்கவே கூடாது. வெடிப்பு எவ்வளவு ஆழமோ அவ்வளவும் கிளறி, கட்டிகளை உடைத்து, நீர் விட்டு, ஈரம் உள்ளே ஊறும்வரை காத்திருந்து, மறுபடி ரோலர் ஓட்ட வேண்டும். பழுதான இடத்தை வெட்டி எடுக்கும்போது விளிம்பைச் செங்குத்தாக விடாமல் சரிவாகவோ படியாகவோ வெட்டினால்தான் புதிய மண் பழையதோடு பிணையும்.

சோதனைகளும் தளத்தில் காயம் விட்டுச் செல்கின்றன. அடர்த்தி மானியின் கம்பியும் மாதிரிக் குழாயும் இறங்கிய ஒவ்வொரு துளையும் நேரான கசிவு வழி. பெண்டோனைட் கலந்த களிமண்ணைச் சிறிது சிறிதாகப் போட்டு, ஒவ்வொரு முறையும் கம்பியால் இடித்து நிரப்ப வேண்டும். நனைந்தால் ஊதிப் பெருகும் பெண்டோனைட் இடுக்குகளை அடைக்கும். எத்தனை துளை போட்டோம், எத்தனையை அடைத்தோம் என்ற கணக்கு, அடர்த்தி அறிக்கையோடு சேர்ந்தே பதிவேட்டில் இருக்க வேண்டும் என்பேன்.

விரிப்பைப் போட்டதும் வேலை முடிந்துவிடாது. கறுப்பு விரிப்பு வெயிலில் சூடேறி, அடியில் உள்ள களிமண்ணையே உலர்த்தும். அதனால் விரிப்பின் மேல் போட வேண்டிய வடிகால் அடுக்கைத் தாமதமின்றிப் பரப்பிவிட வேண்டும். மாதக்கணக்கில் வெறுமையாகக் கிடந்திருந்தால், விரிப்பை ஆங்காங்கே திறந்து மண்ணைப் பார்த்த பிறகே குப்பை இறக்க அனுமதிக்க வேண்டும்.