ஒரே அச்சுப் படகு, ஒரே ஒரு புள்ளி

உல்லாஸ்நகர்வாசிகளுக்கும் கடலுக்கும் என்ன சம்பந்தம் என்று நேயர்கள் கேட்கலாம். நமக்குத் தெரிந்த தண்ணீரெல்லாம் குழாயில் வருகிற தண்ணீர்தான், அதுவும் வந்தால்! ஆனால் 1949ஆம் ஆண்டு ஆகஸ்ட் 8ஆம் தேதி, அன்றைய கவர்னர் ஜெனரல் நம் ராஜாஜி அடிக்கல் நாட்டிய இந்த ஊருக்குப் பெயர் கொடுத்ததே ஒரு நதி. கல்யாணைத் தாண்டிச் செல்லும் உல்லாஸ் நதி தாணே அருகே இரண்டாகப் பிரிகிறது. ஒரு கிளை வசாய் பக்கம் போகிறது. மற்றொன்று தாணே கழிமுகமாகி மும்பைத் துறைமுகத்தில் கலக்கிறது. ஆக, கேட்வே ஆஃப் இந்தியாவின் படிக்கட்டில் மோதும் அலையில் நம் ஊர்த் தண்ணீரும் கொஞ்சம் இருக்கிறது.

அந்தப் படிக்கட்டுக்கு எதிரே நடக்கும் பாய்ப்படகுப் பந்தயத்தைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை. என்னை அங்கே அழைத்துப் போனது விளையாட்டு ஆர்வம் அல்ல. ஒரே ஒரு மார்க்.

என் மகள் விரும்பிய கல்லூரியில் அவளுக்கு ஒரு மார்க்கில் இடம் கிடைக்காமல் போயிற்று. ஜூன் மாதம் நடந்தது இது. கிடைத்த கல்லூரியில் சேர்ந்தாள், ஒழுங்காகப் போய் வந்தாள். ஆனால் டிசம்பர் வரைக்கும் அந்த ஒரு மார்க் எங்கள் வீட்டில் கூடவே குடியிருந்தது. ஊரிலிருந்து யார் போன் செய்தாலும் "ஐயோ, ஒரே மார்க்கிலா?" என்ற விசாரிப்பு வேறு. வீட்டுக்கு வீடு வாசற்படி. இது பல நேயர்களுக்கும் பழகிய கதைதான்.

எங்கள் காலனியில் கடற்படையிலிருந்து ஓய்வு பெற்ற ஓர் அண்ணாச்சி இருக்கிறார். திருநெல்வேலிச் சீமைக்காரர். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் வந்து, "கிளம்பு தாயி, உனக்கு ஒரு கணக்கு காட்டுதேன்" என்றார். மூவரும் லோக்கலைப் பிடித்து வி.டி.யில் இறங்கினோம். (ரயில்வே எத்தனை முறை பெயர் மாற்றினாலும் எங்களுக்கு அது வி.டி.தான்.)

படகு எல்லாம் ஒன்று

1846ல் தொடங்கிய ராயல் பம்பாய் யாட் கிளப் கேட்வேயை ஒட்டியே இருக்கிறது. அதன் பழைய கட்டடம் பின்னாளில் அணுசக்தித் துறைக்கு வந்தது. செம்பூரிலும் அணுசக்தி நகரிலும் இருக்கும் நம்மவர்கள் பலர் 'ஓ.ஒய்.சி.' என்று சொல்வது அந்த 'ஓல்ட் யாட் கிளப்'பைத்தான்.

அரை மணி நேரம் துறைமுகத்தைச் சுற்றிக் காட்டும் லாஞ்சில் ஏறினோம். சற்று தூரம் போனதும் வெள்ளைப் பாய்கள் கூட்டமாகத் தெரிந்தன. அன்று நடந்தது சாதாரணப் பந்தயம், பெரிய சாம்பியன்ஷிப் ஒன்றும் அல்ல. "எந்தப் படகு நல்ல படகு?" என்று கேட்டேன். அண்ணாச்சி சிரித்தார். "எல்லாம் ஒண்ணுதான் சார். அதுலதானே விஷயமே இருக்கு!"

இதை 'ஒன் டிசைன்' என்கிறார்கள். ஒரு வகுப்பைச் சேர்ந்த படகுகள் அனைத்தும் ஒரே வரைபடத்தின்படி, ஒரே அளவு, ஒரே எடையில் கட்டப்பட்டவை. மும்பையில் ஓடும் ஜே 24 என்ற வகுப்பை எடுத்துக்கொள்வோம். 1976ல் அமெரிக்காவில் ராட் ஜான்ஸ்டோன் என்பவர் தம் வீட்டுக் கார் ஷெட்டில் கட்டிய படகு அதற்கு மூலம். நீளம் 24 அடி. எடை சுமார் 1,400 கிலோ. அதில் 430 கிலோ அளவுக்கு அடியில் உள்ள 'கீல்' என்னும் பாரத்தோடு சேர்ந்தது. காற்று படகைச் சாய்க்கும்போது இந்த அடிப்பாரம்தான் கவிழாமல் நிமிர்த்துகிறது. உலகம் முழுவதும் 5,000க்கு மேற்பட்ட ஜே 24 படகுகள் கட்டப்பட்டிருக்கின்றன. எந்த நாட்டில் ஏறினாலும் படகு ஒன்றுதான்.

ஓட்டுபவர்கள் பெரும்பாலும் 5 பேர். அவர்களுடைய மொத்த எடைகூட 400 கிலோவைத் தாண்டக்கூடாது. சாம்பியன்ஷிப்புக்கு முன் தராசில் ஏற்றி நிறுத்துப் பார்ப்பார்கள். இரவு பிரியாணியை ஒரு பிடி பிடித்தவர் காலையில் முழிக்க வேண்டியதுதான்! எத்தனை பாய் வைத்துக்கொள்ளலாம், அவை எந்த அளவு என்பதற்கும் விதி உண்டு. பணம் அதிகம் உள்ளவன் வேகமான படகை வாங்கி ஜெயித்துவிட முடியாது. மனிதனுக்கும் மனிதனுக்கும் உள்ள வித்தியாசம் மட்டும் மிஞ்ச வேண்டும் என்பதே இந்த ஏற்பாட்டின் நோக்கம்.

5 நிமிடக் கெடுபிடி

நிலத்தில் ஓட்டப் பந்தயம் என்றால் எல்லோரும் கோட்டில் நின்றுகொண்டு தொடங்கலாம். தண்ணீரில் படகை நிறுத்தி வைக்க முடியாது. நடுவர் படகுக்கும் ஒரு மிதவைக்கும் இடையே கண்ணுக்குத் தெரியாத கோடு இருக்கிறது. தொடங்குவதற்கு 5 நிமிடம் முன்பு முதல் கொடி ஏறும், ஒலி எழும். 4 நிமிடத்தில் இரண்டாவது கொடி. 1 நிமிடம் இருக்கும்போது அது இறங்கும். அதுவரை எல்லாப் படகுகளும் கோட்டுக்குப் பின்னால் சுற்றிச் சுற்றி வந்து, சரியான விநாடியில் முழு வேகத்தோடு கோட்டைக் கடக்க வேண்டும். முந்திக் கடந்தால் திரும்பி வந்து மறுபடி தொடங்க வேண்டும். திரும்பாதவருக்குப் பந்தயத்திலுள்ள படகுகளின் எண்ணிக்கையைவிட ஒரு புள்ளி கூடுதலாக விழும். இந்த ஆட்டத்தில் புள்ளி கூடினால் நஷ்டம்.

லாஞ்சிலிருந்து பார்த்தபோது, இப்போது மோதிக்கொள்வார்களோ என்று எனக்கு வயிற்றைக் கலக்கியது. மோதவில்லை. வலப்பக்கம் காற்று வாங்கிவரும் படகுக்கு, இடப்பக்கம் காற்று வாங்கிவரும் படகு வழிவிட வேண்டும் என்பது விதி. ஓர் ஆள் கையை நீட்டிக் கத்துகிறான். எதிர்ப் படகு சட்டென்று ஒதுங்கி அவன் பின்னால் போகிறது. அந்த ஒதுங்கலில் போனது ஒரு படகு நீளம்தான். ஆனால் எல்லாப் படகும் ஒரே வேகம் என்பதால் அந்த ஒரு நீளத்தை மீட்பது பெரும்பாடு. முன்னால் போகும் படகின் பாய் கலைத்துவிட்ட காற்றுத்தான் பின்னால் வருபவனுக்குக் கிடைக்கிறது. பிந்தியவன் மேலும் பிந்துகிறான்.

காற்றும் ஓதமும்

பாய்ப்படகு காற்றை எதிர்த்து நேராகப் போக முடியாது. சுமார் 45 டிகிரி சாய்வாக இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் மாறி மாறித்தான் ஏற வேண்டும். எந்தப் பக்கம் முதலில் போவது என்பதில்தான் மூளைக்கு வேலை. குளிர்காலத்தில் இங்கே காலையில் நிலக்காற்று மெதுவாக அடிக்கும். மதியத்துக்கு மேல் கடற்காற்று எழும். "நம்ம ஊர்ல கச்சான்னு சொல்லுவோம்லா, அந்தத் திசைக் காத்துதான்" என்றார் அண்ணாச்சி.

கூடவே ஓதம். மராத்தியர் 'பர்த்தி, ஓஹோட்டி' என்று சொல்லும் ஏற்றமும் வற்றமும் மும்பையில் கடுமை. பெரிய ஓத நாட்களில் நீர்மட்டம் 4 மீட்டருக்கு மேல் ஏறி இறங்கும். அத்தனை தண்ணீரும் இந்தத் துறைமுகம் வழியாகத்தான் உள்ளே போய் வெளியே வர வேண்டும். நடுக்கால்வாயில் இழுப்பு அதிகம், கரையோரம் குறைவு. இதைக் கவனிக்காதவன் பாய் நிறையக் காற்றை வைத்துக்கொண்டும் நின்ற இடத்திலேயே நிற்பான்.

கரைக்குத் திரும்பி மதில் ஓரமாக நின்று முடிவைப் பார்த்தோம். முதல் இரண்டு படகுகளுக்கும் இடையே அரைப் படகு நீளம்கூட இருக்காது. "ஒரு மணி நேரம் ஓட்டி இவ்வளவுதானா வித்தியாசம்?" என்றாள் என் மகள். அன்று அவளாகக் கேட்ட முதல் கேள்வி அதுதான்.

தங்கம் கைநழுவிய கதை

அண்ணாச்சி காத்திருந்த இடம் இதுதான் போலிருக்கிறது. வேர்க்கடலைப் பொட்டலக் காகிதத்திலேயே கணக்குப் போட ஆரம்பித்தார்.

சாம்பியன்ஷிப் என்பது ஒரு பந்தயம் அல்ல; பல நாட்களில் நடக்கும் பல பந்தயங்கள். முதலாவதாக வந்தால் 1 புள்ளி, இரண்டாவதுக்கு 2, பத்தாவதுக்கு 10. பொதுவாக, மிக மோசமான ஒன்றைக் கழித்துவிட்டு, குறைந்த கூட்டுத்தொகை உள்ளவருக்கே வெற்றி.

2012 லண்டன் ஒலிம்பிக்ஸ். ஸ்டார் என்ற வகுப்பு; இருவர் ஓட்டும் கீல் படகு. கடைசிப் பந்தயத்துக்கு முன் பிரிட்டனின் பெர்சி, சிம்ப்சன் ஜோடிக்கு 18 புள்ளி, பிரேசிலுக்கு 26, சுவீடனின் லூஃப், சால்மினென் ஜோடிக்கு 30. கடைசிப் பந்தயத்தில் மட்டும் புள்ளிகள் இரட்டிப்பு; அதைக் கழிக்கவும் முடியாது. அன்று மற்றவர்கள் வந்த இடங்களின்படி, பிரிட்டன் 6ஆவதாக வந்திருந்தாலே 30 புள்ளியோடு தங்கம். ஆனால் முடிவை நோக்கிய கடைசி ஓட்டத்தில், பின்னால் இருந்த படகுகள் காற்றை வாங்கிக்கொண்டு முந்தின. சுவீடன் முதலாவது: 30ம் 2ம் 32. பிரிட்டன் 8ஆவது: 18ம் 16ம் 34. கடைசிப் பந்தயம் வரும்போது முன்னால் இருந்தவர்களுக்கு வெள்ளி. 12 புள்ளி பின்தங்கியிருந்தவர்களுக்குத் தங்கம்!

"பெரியப்பா, அப்போ கடைசிப் பந்தயத்துலதான் தோத்தாங்க" என்றாள் என் மகள்.

"அப்படித்தான் எல்லாரும் நெனைப்பாங்க. அதுக்கு முந்தின பந்தயங்கள்ல மொத்தமா மூணு இடம் முன்னால வந்திருந்தா, கடைசியில எட்டாவது வந்தாலும் தங்கம்தானே? புள்ளி எங்க போச்சுன்னு கடைசி நாள்ல தேடக்கூடாது தாயி. அது முதல் நாளே போயிருக்கும்."

வேலூர்ப் பிள்ளை

"நம்ம ஆள் கதை ஒண்ணும் இருக்கு" என்று தொடர்ந்தார். விஷ்ணு சரவணன், 1999ல் வேலூரில் பிறந்தவர். ராணுவத்திலிருந்தபடியே பாய்ப்படகு ஓட்டிய தந்தையின் மகன். தாமும் ராணுவத்தில் சேர்ந்து, இதே மும்பையில் உள்ள ராணுவப் பாய்ப்படகு மையத்தில் பயின்றவர். அவருடைய படகு ஐ.எல்.சி.ஏ. 7, கீல் இல்லாத ஒற்றையாள் படகு. ஆனால் அதே 'ஒன் டிசைன்' விதி. 2023 செப்டம்பரில் நடந்த ஹாங்சோ ஆசிய விளையாட்டில் 11 பந்தயங்களின் முடிவில் சிங்கப்பூர் வீரருக்கு 26 புள்ளி, கொரியருக்கு 33, விஷ்ணுவுக்கு 34.

ஒரே ஒரு புள்ளியில் வெள்ளி வெண்கலமாயிற்று. ஏதோ ஒரு நாள், ஏதோ ஒரு பந்தயத்தில், இன்னும் ஒரே ஒரு படகை முந்தியிருந்தால் புள்ளியாவது சமமாகியிருக்கும். அது எந்தப் படகு என்று யாரால் சொல்ல முடியும்?

"அப்புறம் அவர் என்ன செஞ்சார்?" என்றாள் மகள்.

அடுத்த பந்தயத்துக்குத் தயாரானார், அவ்வளவுதான். 2024 ஜனவரியில் ஆஸ்திரேலியாவின் அடிலெய்டில் நடந்த உலகப் போட்டியில் 26ஆவதாக வந்து, பாரிஸ் ஒலிம்பிக்ஸுக்கான இடத்தைப் பெற்றார். வெள்ளியை விட்டுச் சுமார் 4 மாதம்தான் ஆகியிருந்தது.

மும்பைத் துறைமுகத்துக்கு இந்தப் பொறுமை புதிதல்ல. 1982 ஆசிய விளையாட்டின் பாய்ப்படகுப் போட்டிகள் இங்கேதான் நடந்தன. ஃபயர்பால் வகுப்பில் ஃபரோக் தாராப்பூரும் ஜரீர் கராஞ்சியாவும் தங்கம் வென்றார்கள். அதே தாராப்பூர் 28 ஆண்டுகள் கழித்து, 2010 குவாங்சோ ஆசிய விளையாட்டில், ஒரே மாதிரிப் படகு இரண்டை மோதவிடும் 'மேட்ச் ரேசிங்'கில் வெள்ளி வென்ற இந்திய அணியில் இருந்தார். காற்று ஒரு நாள் ஏமாற்றும். கடலைவிட்டுப் போகாதவனுக்கு இன்னொரு நாள் கொடுக்கும்.

நேயர்களுக்கு

இது பணக்காரர் விளையாட்டு அல்லவா என்று கேட்பீர்கள். சொந்தப் படகு வாங்குவது நம்மால் ஆகாது, உண்மைதான். ஆனால் ராணுவமும் கடற்படையும் படகைக் கொடுத்துப் பழக்குகின்றன. கல்லூரிப் பிள்ளைகளுக்கு என்.சி.சி. கடற்படைப் பிரிவு ஒரு நல்ல வாசல். பாய்ப்படகுப் பயிற்சி அங்கே பாடத்திலேயே உண்டு. வேடிக்கை பார்க்கவோ லாஞ்ச் டிக்கெட் போதும். மழைக்காலம் முடிந்து அக்டோபரிலிருந்து மே வரை பருவம். காற்றுள்ளபோதே தூற்றிக்கொள்ளுங்கள்!

திரும்பும் வழியில் மகள் ஜன்னல் ஓரம் உட்கார்ந்து, அந்தப் பொட்டலக் காகிதத்தைப் பிரித்து வைத்துக்கொண்டிருந்தாள். கல்யாண் தாண்டியதும் மெதுவாகச் சொன்னாள்: "அப்பா, பன்னிரண்டாம் வகுப்புல அந்த மார்க் எங்க போச்சுன்னு எனக்குத் தெரியும். கெமிஸ்ட்ரி பிராக்டிகல் ரெண்டு தடவை மட்டம் போட்டேன்."

"அதுக்கு இப்ப என்னம்மா?" என்றேன்.

"ஒண்ணுமில்ல. இந்த செமஸ்டர் இன்னும் நாலு பிராக்டிகல் இருக்கு."

எதிரே அண்ணாச்சி கண்ணை மூடித் தூங்குவதுபோல் உட்கார்ந்திருந்தார். உல்லாஸ்நகர் வந்ததும் எல்லோருக்கும் முன்னால் எழுந்து வாசலுக்குப் போய்விட்டார்.