எதிர்ப்பாற்றல் தடம் மாறினால்

"எனக்கு எதிர்ப்புச் சக்தி குறைவா, டாக்டர்? அதைக் கூட்ட ஏதேனும் டானிக் எழுதித் தாருங்கள்." லூப்பஸ் நோய்க்குச் சிகிச்சை பெறுவோரும் அவர்தம் பெற்றோரும் அடிக்கடி கேட்பது இது. இந்நோய் கண்டோரில் ஏறத்தாழப் பத்தில் ஒன்பது பேர் பெண்கள். பெரும்பாலோர் இளம் வயதினர். ஆதலால் குடும்பத்தினரின் கவலை இயல்பானதே. ஆயினும், இந்நோய்க்குக் காரணம் எதிர்ப்பாற்றல் குறைந்தது அன்று; அது தடம் மாறி நம் உடலையே தாக்குவதுதான்.

நம் வெள்ளணுக்களில் ஒரு வகை, பி அணுக்கள். கிருமிகளை எதிர்க்கும் எதிர்ப்பொருள்களை உருவாக்குபவை இவையே. எலும்பு மஜ்ஜையில் இவை நாள்தோறும் பிறக்கின்றன. ஒவ்வோர் அணுவின் மேற்புறத்திலும் பகையை இனங்காணும் 'ஏற்பி' என்னும் புரதம் உண்டு. வளரும் அணுவில் இவ்வேற்பியின் தொடக்க வடிவத்தை 1987இல் ஆராய்ந்தவர்களுள் ஒருவர், வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியில் பயின்ற ஷிவ் பிள்ளை. நம் உடலையே பகையென உணரும் அணுக்களுட் பல, மஜ்ஜையிலேயே திருத்தப்படுகின்றன அல்லது மடிகின்றன. சில தப்பி வெளியேறுகின்றன.

வெளியேறிய அணு உயிர்வாழ ஒரு சமிக்ஞை வேண்டும். அதனைத் தருவது, 1999இல் கண்டறியப்பட்ட 'பாஃப்' என்னும் புரதம். பிற வெள்ளணுக்கள் இதனைச் சுரக்கின்றன. பி அணுவின் மேலுள்ள பாஃப் ஏற்பியில் இது இணைந்தால் அணு வாழும். இணையாவிடில் தானே மடியும்.

வீராணம் ஏரிப் பாசனத்தை எண்ணிப் பாருங்கள். நீர் குறைவாக வரும்போது தலைமடை வயல்களே நனையும். மிகுந்து வரும்போது கடைமடை வரை பாயும். நம் உடலைத் தாக்கும் பி அணுக்கள் கடைமடையில் உள்ளவை போன்றவை. பாஃப் அளவோடு இருந்தால் அவை போட்டியில் பின்தங்கி மடிகின்றன, மிகுந்தால் பிழைத்துக்கொள்கின்றன. கடைமடைக்கு நீர் எட்டுவது உழவருக்கு மகிழ்ச்சி. உடலிலோ அதுவே இடர். லூப்பஸ் நோயாளர் பலரின் இரத்தத்தில் பாஃப் மிகுந்து காணப்படுகிறது.

இவ்வறிவிலிருந்து பிறந்த மருந்தே பெலிமுமாப். அது பாஃப் புரதத்தைப் பற்றிக்கொண்டு ஏற்பியை அடையவிடாமல் தடுக்கிறது. அமெரிக்காவில் 2011இல் லூப்பஸ் நோய்க்கும், 2020இல் அந்நோயால் வரும் சிறுநீரகப் பாதிப்புக்கும் ஒப்புதல் பெற்றது. எல்லோருக்கும் இம்மருந்து தேவைப்படாது. பெரும்பாலோரின் சிகிச்சைக்கு அடித்தளம் ஹைட்ராக்சிகுளோரோகுயின் மாத்திரையே.

மூட்டுவலி நீங்கியதும் மாத்திரைகளை நிறுத்திவிடுவோர் உளர். வலி அடங்கினாலும் அவ்வணுக்கள் உள்ளே வாழ்ந்துகொண்டிருக்கலாம். சிறுநீரகம் ஓசையின்றிப் பழுதடையலாம். ஆகவே:

மாத்திரைகளை, குறிப்பாக ஸ்டீராய்டு மருந்தை, தாமாக நிறுத்த வேண்டா.

எதிர்ப்புச் சக்தியைக் கூட்டுவதாக விற்கப்படும் பொருள்களை மருத்துவரைக் கேளாமல் உட்கொள்ள வேண்டா.

காய்ச்சல், கால் வீக்கம், சிறுநீரில் நுரை ஆகியவை தோன்றினால் உடனே வருக.

சிறுநீர்ப் பரிசோதனையையும் ஆண்டுதோறும் கண் பரிசோதனையையும் தவறவிடாதீர்.

கருத்தரிக்க விரும்புவோர் முன்கூட்டியே தெரிவியுங்கள். நோய் அடங்கியிருக்கும் காலத்தில், மருந்துகளை உரியவாறு மாற்றியமைத்து, பலர் நலமுடன் தாயாகியுள்ளனர்.