லேப்டாப்பில் வை-பை ‘மக்கர்’: போலி நம்பருக்குப் போன் போட்டால் பணம் ‘அம்பேல்’!

சென்னை,

வீட்டில் வை-பை இருக்கிறது. செல்போனில் சினிமா ஜோராக ஓடுகிறது. ஆனால் லேப்டாப் மட்டும் “மாட்டேன்” என்று அடம் பிடிக்கிறது. விடிந்தால் மகனுக்கு ஆன்லைனில் இன்டர்வியூ. வீடே பதறுகிறது.

அந்தப் பதற்றத்துக்காகவே ஒரு கூட்டம் காத்திருக்கிறது!

தேன் ஒழுகும் பேச்சு

இன்டர்நெட் கம்பெனியின் நம்பரைப் பலர் செல்போனில் தேடி எடுக்கிறார்கள். மோசடிப் பேர்வழிகள் போட்டு வைத்த போலி நம்பரும் அங்கே கலந்து கிடக்கிறது. அதில் பேசினால், “கவலைப்படாதீங்க சார், ரெண்டே நிமிஷம்” என்று தேன் ஒழுகப் பேசுவார்கள். செல்போனில் ஒரு செயலியை இறக்கச் சொல்வார்கள். அனுமதி கொடுத்துவிட்டால், திரையில் தெரிவது அத்தனையும் அந்த ஆசாமிக்கும் தெரியும்.

“பத்து ரூபாய் மட்டும் கட்டுங்க” என்பார்கள். கார்டு நம்பரைத் தட்டும்போது பார்த்துக்கொள்வார்கள். ஓ.டி.பி. வந்து விழுந்ததும் அதையும் படித்துவிடுவார்கள். வை-பை வராது. பணம் போய்விடும்!

யார் குற்றவாளி?

இந்த வம்பே வேண்டாம். பல கோளாறுகளை வீட்டிலேயே பத்து நிமிடத்தில் கண்டுபிடித்துவிடலாம்.

முதலில் செல்போனின் மொபைல் டேட்டாவை நிறுத்துங்கள். வை-பையில் மட்டும் போட்டுப் பாருங்கள். அதிலும் வரவில்லையா? லேப்டாப் மேல் பழி போடாதீர்கள். தகராறு ரவுட்டரில், அல்லது லைனில்.

கண்ணாடி இழை கேபிள் இணைப்பு என்றால், பெட்டியில் ‘எல்.ஓ.எஸ்.’ விளக்கைக் கவனியுங்கள். சிவப்பாக எரிந்தால் லைனில் ஒளி வரவில்லை. கம்பெனி ஆள்தான் வர வேண்டும். சிவப்பு இல்லையென்றால் பிளக்கைப் பிடுங்கி, அரை நிமிடம் கழித்து மாட்டுங்கள்.

செல்போனில் வருகிறதா? அப்படியானால் லேப்டாப்பைத்தான் விசாரிக்க வேண்டும். விமானப் படம் போட்ட பட்டனில் கை பட்டிருந்தால் வை-பை அணைந்திருக்கும். ரவுட்டரின் பாஸ்வேர்டை மாற்றியிருந்தால், லேப்டாப் பழசையே பிடித்துக்கொண்டு நிற்கும். பழைய இணைப்பை நீக்கிவிட்டு, புது பாஸ்வேர்டைப் போடுங்கள். பெரிய எழுத்து, சின்ன எழுத்து மாறக்கூடாது.

ரவுட்டரின் பெயரே தெரியவில்லையா? 5 கிகாஹெர்ட்ஸ் அலை சுவரைத் தாண்டுவதற்குள் களைத்துவிடும். பழைய லேப்டாப் சிலவற்றுக்கு அது கண்ணிலேயே படாது. 2.4 கிகாஹெர்ட்ஸ் பெயரில் இணைத்துப் பாருங்கள்.

இணைப்பு கிடைத்தும் பக்கம் திறக்கவில்லையா? லேப்டாப்பில் தேதியும் நேரமும் சரியா என்று பாருங்கள். தப்பாக இருந்தால் பேங்க் போன்ற பாதுகாப்பான தளங்கள் கதவைத் திறக்காது.

ஒன்றும் சரிப்படவில்லையா? செல்போனில் ‘ஹாட்ஸ்பாட்’ போட்டு லேப்டாப்பை இணையுங்கள். இன்டர்வியூ தப்பிக்கும். ரிப்பேரை மறுநாள் பார்த்துக்கொள்ளலாம்.

1930-ஐ மறக்காதீர்கள்

கம்பெனி நம்பரைக் கம்பெனியின் பில்லில் பாருங்கள். முகம் தெரியாத ஆள் சொல்லி எந்தச் செயலியையும் இறக்காதீர்கள்.

ஏமாந்துவிட்டால் வெட்கப்பட்டு மூடி மறைக்க வேண்டாம். செல்போனில் இன்டர்நெட்டை உடனே துண்டியுங்கள். பேங்குக்குச் சொல்லுங்கள். சைபர் குற்ற உதவி எண் 1930-க்குப் போன் செய்யுங்கள். சீக்கிரம் சொன்னால் பணத்தை வழியிலேயே மடக்க வாய்ப்பு உண்டு. நாளைக்குப் பார்க்கலாம் என்று இருந்தால், அது கணக்கு விட்டு கணக்கு தாவி மறைந்துவிடும்!