தகட்டில் பதிந்த தேதி

பழைய மோட்டார் வண்டியொன்றை விலை பேச வருகிறவர்களில் விஷயம் தெரிந்தவர்கள், அதன் வர்ணத்தின் பளபளப்பையும் ஆசனங்களின் மிருதுவையும் ஒரு கணம் பார்த்துவிட்டு, உடனே பானட்டைத் தூக்கி, அதன் அடிப்புறத்திலும் மட்கார்டுகளின் உள்விளிம்பிலும் கைவிளக்கைச் சாய்த்துப் பிடித்து எதையோ தேடத் தொடங்கிவிடுகிறார்கள். அவர்கள் தேடுவது, தொழிற்சாலையில் தகட்டின் மேல் அழுத்திப் பதித்த சில எண்களையும் ஓரிரண்டு எழுத்துகளையும்தான். வர்ணத்தைப் புதுப்பித்துவிடலாம், உறைத்துணியை மாற்றிவிடலாம், அந்தத் தகடு என்று, எங்கே உருவாயிற்று என்னும் உண்மையைச் சொல்லக் கூடியது அந்தச் சிறு முத்திரை ஒன்றே.

1964 ஏப்ரல் 17 அன்று நியூயார்க் உலகக் கண்காட்சியில் வெளியிடப்பட்ட ஃபோர்ட் மஸ்டாங் வண்டியை உதாரணமாக எடுத்துக்கொள்வோம். அதன் உடற்பாகம் ஒன்றில் ‘10 14 டி 2’ என்று பதிந்திருந்தால், பத்தாம் மாதம் பதினான்காம் தேதி, டியர்பார்ன் ஆலையில், இரண்டாம் ஷிப்டில் அந்தத் தகடு அச்சிலிருந்து வெளிவந்தது என்று பொருள். ‘டி’ இருக்கவேண்டிய இடத்தில் ‘பி’ இருந்தால் பஃபலோ. ‘சி’ இருந்தால் சிகாகோ. பெரும் அழுத்த யந்திரத்தின் அச்சு தேய்ந்தோ கீறல் விழுந்தோ போய், அதிலிருந்து வந்த தகடுகளெல்லாம் ஒரே மாதிரியான குறையோடு வண்டி பூட்டும் கூடத்தை அடைந்துவிட்டால், அந்தக் குறை எந்த நாளில், எந்த ஷிப்டில் தொடங்கிற்று என்று கண்டுபிடித்து, அந்த வேளையில் செய்தவற்றை மட்டும் பிரித்து எடுப்பதற்காக ஏற்பட்ட சாதனம் இது. அறுபது வருஷத்துக்குப் பிறகு யாரோ ஒருவர் இதைப் படிக்கப் போகிறார் என்ற எண்ணமே அதைப் பதித்தவர்களுக்கு இருந்திராது. ஆகவேதான் அதன் சாட்சியத்தை நாம் இவ்வளவு தூரம் நம்ப முடிகிறது.

ஆனால் மேலே சொன்ன முத்திரையில் வருஷம் இல்லை என்பதை வாசகர்கள் கவனித்திருப்பார்கள். சோழர் கல்வெட்டில் பரகேசரி என்ற பட்டத்தையும் ஆட்சியாண்டையும் மாத்திரம் கண்ட ஆராய்ச்சியாளர், அந்தப் பட்டத்தைத் தாங்கிய அரசர் பலராதலால், எழுத்தின் வடிவத்தையும் ஊரையும் உடன்வரும் பெயர்களையும் கொண்டு இன்ன மன்னன் என்று நிச்சயிக்கிறாரே, அப்படித்தான் இங்கும் செய்யவேண்டியிருக்கிறது. ஷெவர்லே எஞ்சினின் வார்ப்பில் ‘சி 14 9’ என்றிருந்தால் மார்ச் 14 என்பது தெளிவு. அந்த ஒன்பது 1959-ஆ, 1969-ஆ என்பதை எஞ்சினின் வார்ப்பு எண்ணைப் பார்த்துத்தான் தீர்மானிக்க வேண்டும். கம்பெனிக்குக் கம்பெனி முறையும் வேறுபடும். ஷெவர்லேயில் ஆங்கில எழுத்துகள் வரிசை பிசகாமல் பன்னிரண்டு மாதங்களுக்கும் நிற்கின்றன. ஃபோர்டிலோ, ஒன்று என்னும் எண்ணோடு மயங்குகிற ‘ஐ’ என்ற எழுத்தைத் தவிர்த்துவிட்டார்கள். அதனால் ‘கே’ என்பது அங்கே நவம்பர், இங்கே அக்டோபர்.

புதிதாய்ப் பழகுகிறவர்களை அதிகமாய் ஏமாற்றுவது ஃபோர்டின் பாக எண். ‘சி 5 இஸட்’ என்று அது தொடங்கினால், ‘சி’ என்பது 1960-களையும், 5 அந்தப் பத்தாண்டின் ஐந்தாம் வருஷத்தையும், ‘இஸட்’ மஸ்டாங்கையும் குறிக்கும். ஆனால் அந்த 1965 அப்பாகம் திட்டமிடப்பட்ட வருஷமே அன்றிச் செய்யப்பட்ட வருஷம் அன்று. 1966-ஆம் வருஷத்து வண்டியில் அதே எண்ணோடு கூடிய பாகம் இருப்பதில் யாதொரு விகற்பமும் இல்லை.

இனி, முழு வண்டிக்கும் உரிய எண். மஸ்டாங்கில் இடது மட்கார்டுக்கு உள்ளே இருக்கும் தகட்டில் அது பொறிக்கப்பட்டிருக்கும். இவற்றுள் மிகுந்த கீர்த்தி பெற்றது ‘5 எஃப் 08 எஃப் 100001’ என்பது. ஐந்து, 1965-ஆம் மாடல். முதல் ‘எஃப்’ டியர்பார்ன். 08 திறந்த கூரை வண்டி. இரண்டாவது ‘எஃப்’ 260 கன அங்குல வி-8 எஞ்சின். மீதி வரிசை எண்; வரிசையின் முதல் எண் அதுதான். ஒரே எழுத்து நிற்கும் இடத்தால் ஆலையாகவும் எஞ்சினாகவும் பொருள்படுவதைப் பாருங்கள். காட்சிக்காக நியூஃபவுண்ட்லாந்துக்கு அனுப்பப்பட்ட அந்த வெள்ளை வண்டியை, ஸ்டான்லி டக்கர் என்ற விமானி விலைகொடுத்து வாங்கிப் போய்விட்டார். அதைத் திரும்பப் பெறுவதற்காகக் கம்பெனியார் அவருக்குப் புதிய மஸ்டாங் ஒன்றைத் தரவேண்டியதாயிற்று. இன்று அது டியர்பார்னிலுள்ள ஹென்றி ஃபோர்ட் மியூசியத்தில் இருக்கிறது.

கண்ணாடியிலும் தேதி உண்டு. ஷெவர்லே கமாரோ முதலிய வண்டிகளுக்குக் கண்ணாடி செய்த லிபி-ஓவன்ஸ்-ஃபோர்ட் கம்பெனியார் மாதத்துக்கு ஓர் எழுத்தும் வருஷத்துக்கு ஓர் எழுத்துமாக இட்டார்கள்; ஜனவரிக்கு ‘என்’, பிப்ரவரிக்கு ‘எக்ஸ்’, மார்ச்சுக்கு ‘எல்’ என்று அகரவரிசைக்கு அடங்காத ஒரு முறை.

இவற்றையெல்லாம் சேர்த்துப் படிக்கும்போது கைக்கொள்ளவேண்டிய நியாயம் ஒன்றே: பாகம் முந்தியது, வண்டி பிந்தியது. கமாரோவின் முன்சுவரில் ஆணியடித்த தகட்டில் ‘03 பி’ என்று, அதாவது மார்ச் மாதத்து இரண்டாம் வாரம் என்று, இருக்குமானால், ஏப்ரலில் வார்த்த எஞ்சின் அதனோடு பிறந்ததாக இருக்க முடியாது. மாற்றுப் பாகம் ஏறியது ஓர் இழிவு என்று நான் கருதவில்லை. ஏதோ ஒரு விபத்தில் நசுங்கிய கதவுக்குப் பதில் வேறு கதவு மாட்டியது அந்த வண்டி வாழ்ந்த வாழ்க்கையின் ஒரு பகுதியேயாகும். எஞ்சினின் பழைய எண்ணைச் சீவி எறிந்து, விலைக்கு ஏற்ற புதிய எண்ணை அடிக்கிறார்களே, அதுதான் பெரும் பாதகம். ஷெவர்லே எஞ்சினில் எண் பதிக்கும் மேடையைத் தொழிற்சாலையில் சீவியபோது மெல்லிய இணைகோடுகள் விழுந்திருக்கும். எண்களுக்கு அடியில் அக்கோடுகள் காணாமற் போயிருந்தால் சந்தேகிக்க இடமுண்டு.

வஞ்சகர்கள் அழிப்பதைக் காட்டிலும் நல்லெண்ணத்தோடு அழிகிறவை அதிகமோ என்று எனக்குத் தோன்றுகிறது. துருவைச் சுரண்டும் சக்கரமும், உப்புத்தாளும், அதன்மேல் பூசும் பட்டியும் ஒரே நாளில் அந்த எண்களை இல்லாமற் செய்துவிடும். வேலையைத் தொடங்குமுன் விளிம்புகளில் மட்டும் வர்ணத்தை மருந்தினால் கரைத்து, எண் தென்பட்டால் புகைப்படம் எடுத்து, மெல்லிய காகிதத்தை அதன்மேல் வைத்துப் பென்சிலால் தேய்த்துப் படியும் எடுத்துக்கொள்வது நல்லது. தகடு அறவே அரித்துப்போய் வெட்டித்தான் ஆகவேண்டும் என்றால், முத்திரை உள்ள துண்டைத் தனியே அறுத்து, எண்ணெய் தடவி, வண்டியின் பத்திரங்களோடு வைத்திருந்து, பின்னால் வாங்குகிறவரிடம் கொடுத்துவிடலாம்.