ஒரே விறகு, வெவ்வேறு பயன்

சங்கக் கணக்குகளைப் பார்வையிடச் செல்லும் ஊர்களில், சாயச்சாலை அடுப்புக்கு ஆகும் விறகுச் செலவைப் பற்றி உறுப்பினர்கள் குறைப்பட்டுக்கொள்வதை நாம் அடிக்கடி கேட்கிறோம். விறகு, வைக்கோல், சாணம், கரும்புச் சக்கை முதலியவற்றினின்று பெறும் ஆற்றலை உயிரி எரிசக்தி என்பர். இது ஏழை நாடுகளுக்கே உரியது என்று பலர் எண்ணுகின்றனர். அது முழு உண்மையன்று.

உலகில் ஏறத்தாழ 200 கோடி மக்கள் இன்றும் பெரும்பாலும் விறகு, கரி, வரட்டி ஆகியவற்றைக் கொண்டே சமைக்கின்றனர். சகாராவுக்குத் தெற்கேயுள்ள ஆப்பிரிக்க நாடுகளில் இவ்வழக்கம் மிகுதி. திறந்த அடுப்பில் வெப்பத்தின் பெரும்பகுதி வீணாகிறது. புகையோ பெண்களையும் குழந்தைகளையும் நோய்க்கு உள்ளாக்குகிறது.

செல்வம் மிகுந்த சுவீடனும் மரத்தைத்தான் எரிக்கிறது. ஆயின் வீட்டுக்கு வீடு அன்று. அறுவை ஆலைக் கழிவும் வெட்டிய மரங்களின் கிளைகளும் பொதுக் கொதிகலன்களில் எரிக்கப்படுகின்றன. அவ்வெந்நீர் குழாய் வழியே சென்று நகர வீடுகளைக் குளிரினின்று காக்கிறது. 1991-இல் கரியமில வாயுவுக்கு வரி விதிக்கப்பட்டபின், எண்ணெயை விட்டு மரக்கழிவுக்கு மாறுவது இலாபகரமாயிற்று.

பிரேசில் வேறு வழி கண்டது. 1973-இல் எண்ணெய் விலை ஏறவே, 1975-இல் கரும்பிலிருந்து எத்தனால் தயாரிக்கும் திட்டத்தைத் தொடங்கியது. 2025-இல் அங்கே பெட்ரோலில் 30 சதவீதம் எத்தனால் கலக்க விதி செய்யப்பட்டது. அமெரிக்காவில் மக்காச்சோள விளைச்சலில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் எத்தனால் ஆலைகளுக்குச் செல்கிறது. இதனால் விவசாயிக்குச் சந்தை கிடைத்தது. எனினும் உணவுக்கான நிலத்தை எரிபொருளுக்கு ஈடுபடுத்துவது முறையா என்ற கேள்வியும் எழுந்தது.

கூட்டுறவாளராகிய நாம் சிறப்பாகக் கவனிக்க வேண்டிய நாடு டென்மார்க். அங்கே பல இடங்களில் விவசாயிகள் ஒன்றுகூடிச் சாண எரிவாயு நிலையங்களை நடத்துகின்றனர். சாணமும் பண்ணைக் கழிவும் நிலையத்துக்குச் செல்கின்றன. வாயு பிரிந்தபின் எஞ்சும் குழம்பு உரமாக வயலுக்கே திரும்புகிறது. அந்நாட்டுக் குழாய் எரிவாயுவில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் இவ்வாறு கிடைக்கிறது.

ஆகவே எவ்வளவு எரிக்கிறோம் என்பதைவிட, எதை, எவ்வாறு எரிக்கிறோம் என்பதே முக்கியம். இந்தியாவிலும் 2025-இல் பெட்ரோலில் எத்தனால் கலப்பு 20 சதவீதத்தை எட்டிவிட்டது. கரும்பும் மக்காச்சோளமும் பயிரிடுவோருக்கு இது புதிய சந்தை. ஆனால் தனித்து நிற்பவருக்கு விலை பேசும் வலிமை இராது; சங்கமாக நிற்பவருக்கு உண்டு. சாயச்சாலை வைத்துள்ள சங்கங்கள், வெப்பம் வீணாகாத ஒரு நல்ல அடுப்பைக் கட்டுவதிலிருந்தே இப்பாடத்தைத் தொடங்கலாம்.