நள்ளிரவும் குதிரையும் இல்லாத புத்தர்

புத்தரின் வாழ்க்கை வரலாற்றை எழுத உட்கார்ந்தபோது முதல் அத்தியாயம் எனக்குள் தயாராகவே இருந்தது. நள்ளிரவு, தூங்கும் மனைவி யசோதரை, பக்கத்தில் மகன் ராகுலன், வாசலில் குதிரை. சிறுவயதில் படித்து அழுத காட்சி. ஒரே நாளில் எழுதி முடித்தேன்.

பிறகுதான் பாளி மொழிச் சூத்திரத் தொகுப்பான மஜ்ஜிம நிகாயத்தின் அரியபரியேசன சூத்திரத்துக்கு வந்தேன். தம் துறவைப் புத்தரே அதில் சொல்கிறார். இரவு இல்லை, குதிரை இல்லை. தாயும் தந்தையும் கண்ணீர் வழிய அழுதுகொண்டிருக்க, தலையை மழித்து, துவராடை உடுத்தி வெளியேறுகிறார். (பெற்றவள் மாயா ஏழாம் நாளே இறந்தாள் என்பது மரபு. அழுதவள் வளர்த்த சித்தியாக இருக்கலாம்.) கிழவர், நோயாளி, பிணம், துறவி என்று அவரைத் துறக்கத் தூண்டியதாகச் சொல்லப்படும் நான்கு காட்சிகளோ, தீக நிகாயத்தில் விபஸ்ஸி என்னும் முந்தைய புத்தரின் கதையாக வருகின்றன. எழுதிய அத்தியாயத்தை எடுத்துவிட்டேன். பெற்றோர் அழுவதைப் பார்த்துக்கொண்டே கிளம்பிய மகனை எழுதுவதுதான் கடினம். அவரைத்தான் எழுத வேண்டும்.

காலக்கணக்கும் எளிதல்ல. அசோகர் முடிசூடியது கி.மு. 268ஐ ஒட்டி. அதற்கு 218 ஆண்டுகள் முன் புத்தர் மறைந்தார் என்கின்றன இலங்கையின் தீபவம்சமும் மகாவம்சமும். வடநாட்டு மரபு 100 ஆண்டுதான் என்கிறது. ஒரு நூற்றாண்டுக்கு மேல் இடைவெளி! நான் இரண்டையும் எழுதிவைத்தேன். லும்பினியில் 1896இல் வெளிப்பட்ட அசோகர் தூண் கல்வெட்டு, புத்தர் பிறந்த இடம் இதுவென்று சொல்லி, அந்த ஊரின் வரியைக் குறைத்ததையும் பதிவு செய்கிறது. ஆண்டைப் பற்றி அதில் உதவி இல்லை.

நான் அதிகம் நம்புவது மகாபரிநிப்பான சூத்திரத்தின் கடைசிப் பயணத்தை. எண்பது வயது. கொல்லன் சுந்தன் இட்ட உணவுக்குப் பின் இரத்தபேதி. வழியில் மரத்தடியில் உட்கார்ந்து தண்ணீர் கேட்கிறார். வண்டிகள் கடந்து ஓடை கலங்கிக் கிடக்கிறது என்கிறார் சீடர் ஆனந்தர். மறுபடியும் கேட்கிறார். ஆனந்தர் போனதும் நீர் தெளிந்துவிடுகிறது. தெளிந்த நீர் பக்தர்கள் சேர்த்தது; அந்தத் தாகம் வரலாறு என்பது என் முடிவு. குருவுக்கு வயிற்றுப்போக்கு வந்ததென்று எந்தச் சீடரும் கற்பனை செய்யமாட்டார். இந்தச் சின்ன ஊரிலா மறைவது, ராஜகிருகமும் காசியும் இருக்கும்போது என்று குசிநாராவில் ஆனந்தர் மன்றாடியதும் அப்படித்தான்.

என் புத்தகம் இப்போது அந்த ஓடைக்கரையில் தொடங்குகிறது.